டெல்டா நகரம் எதனால் பிழைக்கிறது? பசீனை முன்வைத்து ஒரு விளக்கம்

பர்மாத் தமிழர் கதையைப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டு இடத்தில் போய் நிற்கிறோம். ஒன்று, செட்டியார்கள் ரங்கூனில் சேர்த்த செல்வம். இன்னொன்று, 1942இல் குண்டுவீச்சுக்குப் பயந்து காடும் மலையும் தாண்டி இந்தியாவுக்கு நடந்த நடை. அந்தச் செல்வம் எந்த மண்ணில் விளைந்தது, கூலிக்குக் கப்பல் ஏறியவர்கள் எந்தச் சேற்றில் இறங்கினார்கள், அத்தனை பேருக்கு அங்கே ஏன் வேலை இருந்தது என்ற பேச்சு வருவதில்லை. அதற்கெல்லாம் பதில் ஐராவதி டெல்டாவில் இருக்கிறது. யாங்கோனிலேயே (பழைய ரங்கூன்) பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கும் இது தெரியாது. அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

மலையிலிருந்து இறங்கும் ஆறு வேகமாக வரும்போது மண்ணையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும். கடலை நெருங்க நெருங்க நிலம் தட்டையாகிறது, வேகம் குறைகிறது, தூக்கி வந்த மண்ணை ஆறு அங்கேயே போட்டுவிடுகிறது. போட்ட மண் வழியை அடைக்க, தண்ணீர் பக்கவாட்டில் பிரிந்து வேறு வழி தேடுகிறது. இப்படிப் பிரிந்து பிரிந்து உண்டாகும் வண்டல் சமவெளிதான் டெல்டா. ஐராவதி 2,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்து, ஹென்சடா ஊருக்கு அருகே பிரியத் தொடங்கி, ஒன்பது வாய்களாகக் கடலில் விழுகிறது. ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் வண்டல் கொண்டுவருவதாக மதிப்பிடுகிறார்கள். டெல்டாவின் பரப்பு ஏறத்தாழ 35,000 சதுர கிலோமீட்டர்.

காவிரிக் கரையில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு இதில் பாதி புரிந்திருக்கும். மீதிப் பாதி வேறு. காவிரி டெல்டாவில் தண்ணீர் வருமா என்பதே கவலை. ஐராவதி டெல்டாவில் வந்த தண்ணீரை எப்படி வெளியே நிறுத்துவது என்பது கவலை. கடலோரத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆறு கரைபுரளும். கோடையில் ஆற்று நீர் குறைந்தவுடன் கடல் உள்ளே வரும். ஓதம் ஏறும்போது கிளையாறுகள் மேல்நோக்கித் திரும்பும், வற்றும்போது கீழ்நோக்கி ஓடும். கடலிலிருந்து ஆற்றுவழியாக நூறு கிலோமீட்டர் அளவு உள்ளே இருக்கிற ஊரிலும் இந்த ஏற்றவற்றம் தெரியும். படகோட்டிகள் கடிகாரத்தைவிட இதைத்தான் பார்த்துப் புறப்படுவார்கள்.

ஆகவே டெல்டா முழுவதும் ஒரே மாதிரி நிலம் இல்லை. வடக்கே நல்ல தண்ணீர், ஆனால் வெள்ளப் பயம். தெற்கே கடலோரத்தில் உப்புத் தண்ணீர், சதுப்பு, அலையாத்திக் காடு. நடுவில் இரண்டும் கலந்த நிலம்: மழைக்காலத்தில் நெல் நடலாம், கோடையில் வாய்க்கால் நீரை வாயில் வைக்க முடியாது. எந்தத் தொழில் எங்கே என்பதை முதலில் முடிவுசெய்வது இந்த உப்புதான்.

இனி பசீனுக்கு வருவோம். அரசுப் பதிவில் இன்று அது பத்தேன். பழைய தமிழ்க் குடும்பங்களில் இன்னும் பசீன் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். யாங்கோனுக்கு மேற்கே சுமார் 190 கிலோமீட்டர். டெல்டாவின் மேற்கு ஓரக் கிளையாற்றின் கரையில், கடலுக்கு அருகில் அல்லாமல் நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. துறைமுகம் ஏன் இவ்வளவு உள்ளே? புயல் அடித்தால் அங்கே ஒதுங்கலாம். அந்த ஆறு பெருங்கப்பல் வருமளவுக்கு ஆழம் உள்ளது. அதே நேரத்தில் சிறு வாய்க்கால்களிலிருந்து வரும் நெல் படகுகளும் அங்கே எளிதாக வந்து சேரும். சிறு படகுச் சரக்கு பெரிய கப்பலுக்கு மாறுகிற இடம் இது. சரக்கு மாறும் இடத்தில் இறக்க ஆள் வேண்டும், அடுக்கக் கிட்டங்கி வேண்டும், அளக்க, அரைக்க, கடன் கொடுக்க, சோறு போட எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். டெல்டா நகரம் பிழைப்பது இதில்தான். வயல் சுற்றுப்புறத்தில் இருக்கும், நகரம் அந்த மாற்றத்தில் வாழும்.

கடலோடிகள் இந்த வாயிலை வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1753இல் ஆற்றின் முகத்திலிருந்த நெக்ரைஸ் தீவில் ஒரு குடியிருப்பு போட்டது. 1759இல் அலௌங்பயா மன்னரின் ஆட்கள் அதை அழித்தார்கள். ஆனால் அன்றைய டெல்டாவை இன்று நாம் காணும் நெற்கடலாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பகுதி காடு, நாணல், சதுப்பு. மொன், கரேன், பர்மிய ஊர்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. அரிசியை நாட்டைவிட்டு அனுப்ப மன்னர்கள் அனுமதிக்கவில்லை. நாட்டுக்குள் சோற்றுக்குத் தட்டுப்பாடு வரக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. விற்க வழியில்லாத நெல்லை யார் கூடுதலாக விளைவிப்பார்கள்?

1852இல் இரண்டாம் ஆங்கில-பர்மியப் போரில் பசீன் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதோடு கீழ்பர்மா முழுவதும் அவர்கள் வசமாகிவிட்டது. ஏற்றுமதித் தடை நீங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன அரிசி நின்றது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் நீண்ட பயணத்தில் வெள்ளை அரிசி கெட்டுப்போகும் என்று, அரைகுறையாக உமி நீக்கிய அரிசியில் ஐந்தில் ஒரு பங்கு நெல்லைக் கலந்தே அனுப்பினார்கள். பயணம் சுருங்கியதும் அரைப்பு வேலை பர்மாத் துறைமுகங்களுக்கே வந்தது. ரங்கூன், பசீன், மௌல்மேன், அக்யாப் நான்கும் அரிசித் துறைமுகங்கள் ஆயின. கீழ்பர்மாவில் 1850களில் சுமார் 10 லட்சம் ஏக்கரில் இருந்த நெல் சாகுபடி 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அப்போது பர்மாதான். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன். ஐரோப்பாவில் அதைச் சாப்பிட்டது கொஞ்சம், கஞ்சிப்பசைக்கும் சாராயத்துக்கும் போனது நிறைய. சென்னை மாகாணத்துக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனது சோற்றுக்கு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘ரங்கூன் அரிசி’ என்று ஒன்று இருந்தது இப்படித்தான்.

சதுப்பு எப்படி வயலாகும்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது.

வடபர்மாவிலிருந்து ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி டெல்டாவுக்கு வருகிறது. காட்டைத் திருத்திச் சாகுபடி செய்து, பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து வரி கட்டினால் நிலம் அவர்களுடையது என்பது சட்டம். ஆனால் மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, கரை போட்டு முடிக்க முதல் சில ஆண்டு ஆகும். அதுவரை விளைச்சல் சொற்பம். காய்ச்சல் வரும், எருமை சாகும், ஒரு பெருவெள்ளம் கரையை உடைத்துவிடும். அந்த ஆண்டுகளில் சாப்பிட என்ன வழி? கடன்தான்.

வெள்ளைக்கார வங்கிகள் விவசாயிக்குக் கடன் கொடுக்கவில்லை. நிலம் அடகாக வந்தால் அதை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். ரங்கூன் முகல் தெருவில் தலைமை இடம், அங்கே கூடி மாதாமாதம் நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். அங்கிருந்து மௌபின், பியாபோன், வாக்கேமா, மியாங்மியா, ஹென்சடா, பசீன் என்று ஊர் ஊராகக் கடை. முதலாளி காரைக்குடிப் பக்கத்தில் இருப்பார். மூன்றாண்டுத் தவணைக்கு வந்த மேலாள் கடையை நடத்துவார், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். ஒரு நீண்ட கூடம், தரையில் பாய், ஆளுக்கொரு பெட்டி, ஐந்தொகை எழுதும் பேரேடு. இதுதான் வங்கி. 1920களில் கீழ்பர்மாவில் ஒருநாள் பயணத்துக்குள் ஒரு செட்டியார் கடை இல்லாத விவசாயி அரிது. தமிழ்க் கிராமங்களிலும் நகரங்களிலும் திரட்டிய வைப்புப் பணமும் வங்கிகளிடம் வாங்கிய பணமும் இந்தக் கடைகள் வழியாக டெல்டாவின் சேற்றுக்குள் இறங்கியது. அந்தப் பணம் இல்லாமல் அந்த வேகத்தில் அந்தக் காடு வயலாகியிருக்காது. இதை எழுத எனக்குத் தயக்கமில்லை. பின்னால் நடந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பதால் முதலில் இதைச் சொல்கிறேன்.

கரை கட்டுவது தனி வேலை. 1860கள் முதல் அரசு ஐராவதியின் மேற்குப் பக்கத்தில் நீண்ட வெள்ளத்தடுப்புக் கரைகளை எழுப்பியது. கரை வந்த பின் உள்ளே நெல் பத்திரம். ஆனால் ஆண்டுதோறும் படிந்த புது வண்டல் உள்ளே வராது. வெள்ளத்தைத் தடுத்தால் உரத்தையும் தடுக்கிறோம். இந்தக் கணக்கு எந்த டெல்டாவிலும் தீர்ந்தபாடில்லை.

சரக்கு போக வழி வேண்டும். ரங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்க 1880களில் துவாந்தே கால்வாய் வெட்டினார்கள், சுமார் 35 கிலோமீட்டர். ஸ்காட்லாந்துக்காரர்கள் 1865இல் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் நீராவிப் படகுகள் இந்த வழிகளில் ஓடின. 1920களில் அந்தக் கம்பெனியிடம் 600க்கும் மேற்பட்ட கலங்கள். உலகிலேயே பெரிய ஆற்றுக் கப்பல் படை என்று பேர் வாங்கியது. படகை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சிட்டகாங் மாலுமிகள்.

கூலியும் மில்லும்

பருவத்தைப் பாருங்கள். ஜூன் முதல் நாற்றங்கால், நடவு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை அறுப்பு. ஜனவரி முதல் கோடை வரை மில்லில் அரைப்பு, கப்பலில் ஏற்றுமதி. மழை தொடங்கினால் வேலை ஓய்ந்துவிடும். இந்தக் கால அட்டவணையை ஒட்டித்தான் சென்னையிலிருந்தும் ஆந்திரக் கடற்கரையிலிருந்தும் கப்பல்களில் ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டி வருவார். பயணக் கட்டணமும் அதில்தான் போகும். மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் ஒண்டிக்கொண்டு வந்து இறங்கும்போதே ஆள் கடனாளி. துறைமுகத்திலும் மில்லிலும் தெலுங்கர்கள் அதிகம். ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்கள் மில் வேலைக்கும் போனார்கள், வயல் வேலைக்கும் போனார்கள். சிலர் தங்கிவிட்டார்கள். யாங்கோனுக்குக் கிழக்கே தன்லின், சௌத்தான், தொங்வா, கயான் பக்கங்களில் இன்றும் உழுது பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். எங்கள் உறவிலும் மில்லில் மூட்டை சுமந்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி ஏட்டில் ஒரு வரி கிடைப்பது கடினம், செட்டியார் கடைக்குப் பேரேடு இருந்தது, கூலிக்காரனுக்கு இல்லை.

மில்லின் சூட்சுமம் உமி. படகில் வந்த நெல்லைக் கூடையால் அளப்பார்கள். ஒரு கூடை 46 ராத்தல், கிட்டத்தட்ட 21 கிலோ. விலை பேசுவது நூறு கூடைக்கு. அரைத்தால் அரிசி, குருணை, தவிடு, உமி என்று பிரியும். அந்த உமியையே கொதிகலனில் எரித்து அதே மில்லை ஓட்டினார்கள். வெளியிலிருந்து நிலக்கரி வாங்க வேண்டியதில்லை என்பதால், பெரிய துறைமுக மில்களுக்குப் போட்டியாக டெல்டாவின் சிற்றூர்களில் கூட சின்ன மில்கள் முளைக்க முடிந்தது. பெரிய மில்கள் ஐரோப்பியக் கம்பெனிகளுடையவை, சின்னவை பர்மியர், சீனர், இந்தியர் கையில்.

கடன் நிலமாக மாறிய கதை

1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை சில மாதங்களில் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. நூறு கூடை விற்றுக் கட்ட வேண்டிய கடனுக்கு இப்போது இருநூறு கூடை வேண்டும். வயல் அதே வயல், விளைச்சல் அதே விளைச்சல். கட்ட முடியாமல் அடகு நிலங்கள் கைமாறின. டெல்டாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1937 வாக்கில் அது 25 சதவீதம். பெரும்பாலான செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை என்பது உண்மை. அவர்களுக்குத் தேவை பணம், விற்று முதலாக்க முடியாத சேற்று நிலம் அவர்களுக்கும் சுமைதான். ஆனால் தாத்தா வெட்டித் திருத்திய வயலில் பேரன் குத்தகைக்காரனாக நிற்கும்போது இந்த விளக்கம் அவனுக்கு எதற்கு உதவும்? இரண்டு பக்க நியாயத்தையும் சேர்த்துப் படித்தால்தான் பர்மாவின் 1930கள் புரியும். நம் பக்கத்து எழுத்துகளில் முதல் பாதி மட்டும் இருப்பதைப் பார்த்து எனக்கு மனம் சங்கடப்பட்டிருக்கிறது.

கோபம் கடன் கொடுத்தவர் மேல் மட்டும் விழவில்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் கலவரம். அதே ஆண்டு டிசம்பரில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. 1938இல் மறுபடி கலவரம். ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லாத கூலிக்காரர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1942இல் ஜப்பான் வந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வெளியேறினார்கள், வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். ஃப்ளோட்டில்லா கம்பெனி எதிரி கையில் சிக்காமலிருக்கத் தன் கலங்களைத் தானே ஆற்றில் மூழ்கடித்தது. பர்மா அரிசி நின்றது, அடுத்த ஆண்டு வங்காளப் பஞ்சம் கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம். விடுதலைக்குப் பின் 1948இலும் 1953இலும் வந்த நில தேசியமயச் சட்டங்களால் செட்டியார் நிலம் போனது. 1962இல் ராணுவ ஆட்சி, 1964க்குள் கடைகளும் அரிசி வியாபாரமும் அரசு கைக்கு. 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றதும் கையிலிருந்த சேமிப்பும் போயிற்று. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள். சென்னையின் பர்மா பஜாரும் வியாசர்பாடியில் விற்கும் அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் உணவுகளும் அப்படிப் போனவர்கள் கொண்டுசென்றவை. மொய்ங்காவின் குழம்பு கெளுத்தி மீனில் ஆவது, அது டெல்டாச் சாப்பாடு என்பதற்கு அதுவே அடையாளம். அரசு கொள்முதல் விலை கட்டுப்படியாகாமல் விவசாயி கை தளர்ந்தார். 30 லட்சம் டன் அனுப்பிய நாடு 1970களில் சில லட்சம் டன்னுக்கு இறங்கியது.

இன்று பசீன்

மழைக்கால நெல்தான் இன்றும் முதல் தொழில். பியாபோன், மியாங்மியா வயல்களின் பவ்சான் அரிசி, வெந்தால் நீளும், மணக்கும். 2011இல் உலகின் சிறந்த அரிசி என்ற பரிசு பெற்றது. 1992 முதல் பம்பு வைத்துக் கோடை நெல்லும் போடுகிறார்கள், உப்பு எட்டாத இடங்களில் மட்டும். ஆற்றிலும் ஏரியிலும் மீன்பிடிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்குப் போகும். இது ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் முறை, பணமுள்ளவர் எடுப்பார், வலை இழுப்பவர் அவருக்குக் கீழே. சின்ன மீனும் கூனியும் உப்பில் ஊறி ஙப்பி ஆகும். நீர்க்கரையில் வளரும் நிப்பாப் பனையின் ஓலை கூரைக்கு. மூங்கில் கம்பிகளில் பருத்தித் துணி இழுத்துச் சாயம் தீட்டும் பசீன் குடை நாடெங்கும் பேர் பெற்றது, மழைக்குப் பிடிப்பதற்கு நீர் புகாத பூச்சு கொடுத்துத் தனியாகச் செய்வார்கள். ஒட்டரிசி, தேங்காய், கசகசா போட்டுக் கிளறும் பசீன் அல்வாவை அந்தப் பக்கம் போனவர்கள் வாங்காமல் திரும்புவதில்லை.

ஆனால் சரக்கு மாறும் இடம் என்ற அந்தப் பழைய பெருமை குறைந்துவிட்டது. 1990களின் கடைசியில் ஐராவதிக்குக் குறுக்கே பாலங்கள் வந்தன, யாங்கோனுக்கு நேரே லாரி போகிறது. படகுத்துறையைச் சுற்றி இருந்த பிழைப்புகள் மெல்ல பேருந்து நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நகர்ந்தன.

2008 மே 2 இரவு நர்கீஸ் புயல் டெல்டாவின் மேல் ஏறியது. கடல்நீர் சுவர்போல் எழும்பிப் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து ஏறத்தாழ 1,38,000 பேர். லபுத்தா, போகலே பக்கம்தான் மோசம். பசீன் தப்பித்து, நிவாரணம் போகும் தளமாக இருந்தது. விறகுக்கும் கரிக்கும் வெட்டி, இறால் பண்ணைக்கும் வயலுக்கும் அழித்த அலையாத்திக் காடு நின்றிருந்தால் அலையின் வேகம் குறைந்திருக்கும். டெல்டாவில் காடும் ஒரு கரைதான். வயலைக் கூட்டிக்கொண்டே போன நூற்றைம்பது ஆண்டுகளில் அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

தமிழ் வாசகர் பலருக்குத் தெரியாத ஒரு பயிர், உளுந்து. நெல் அறுத்த ஈரத்திலேயே விதைத்து, பனியில் வளர்த்து, கோடைக்கு முன் எடுத்துவிடுவார்கள். டெல்டாவின் மேல்பகுதியிலும் பகோ பக்கத்திலும் இது பெரிய பயிர். பர்மியச் சமையலில் உளுந்துக்கு அவ்வளவு இடமில்லை, விளைவது பெரும்பாலும் இந்தியாவுக்கு. யாங்கோன் துறைமுகத்தில் ஏறிச் சென்னையில் இறங்கும் மூட்டைகள் தமிழ்நாட்டில் இட்லி மாவாகின்றன. 2017 ஆகஸ்டில் இந்தியா தன் விவசாயிகளுக்காக உளுந்து, துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தது. இங்கே விலை சரிந்தது. விதைக்கும் முன்பே கடன் வாங்கியிருந்தவர்கள் வீட்டில் மூட்டை கிடந்தது, வாங்க ஆள் இல்லை. 2021இல் உளுந்துக்கு மறுபடி கதவு திறந்தது. டில்லியில் அறிவிப்பு வந்தால் அன்று மாலையே யாங்கோன் பயறு மண்டியில் விலை மாறும். ஹென்சடாப் பக்கத்து விவசாயி எத்தனை ஏக்கரில் உளுந்து தெளிப்பது என்பதை அதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்.